க்ளாக்கோமா பரிசோதனைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

கண்ணாடி மாற்றப் போன இடத்தில், "கண்ணில் பிரஷர் கொஞ்சம் அதிகமா இருக்கு, க்ளாக்கோமா இருக்கான்னு ஒருதடவை முழுசா பார்த்துடுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அல்லது அப்பாவுக்கோ அக்காவுக்கோ க்ளாக்கோமா என்று தெரிந்ததும், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். பெரும்பாலானவர்கள் இந்தப் பரிசோதனைக்கு முதன்முதலாக வருவது இப்படித்தான். கண்ணில் வலி இல்லை, எழுத்து நன்றாகத் தெரிகிறது, பிறகு எதற்கு இத்தனை கருவிகள் என்ற கேள்வி மனதில் இருக்கும். நியாயமான கேள்விதான். விடை தெரிந்து போனால் பரிசோதனையும் ஒழுங்காக நடக்கும், முடிவைக் கேட்கும்போது பதற்றமும் குறையும்.

எதைத் தேடுகிறார்கள்?

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் சுரக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. இது கண்ணுக்குள்ளேயே இருப்பது. முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவும், அதன் பின்னால் நிறத்தோடு தெரியும் ஐரிஸும் சேருகிற மூலை வழியாக அது வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. வடிவது தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் கூடும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே போகும் நோய்தான் க்ளாக்கோமா. அழிந்த இழை மறுபடி முளைக்காது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாமே மீதியிருப்பதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

பெரும்பாலும் முதலில் போவது ஓரப்பார்வை. ஒரு கண் தவறவிடுவதை இன்னொரு கண் பார்த்துவிடுகிறது. விடுபட்ட இடத்தை மூளையும் நிரப்பிவிடுகிறது. அதனால் சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படிக்கிறவருக்கும் நோய் முற்றியிருக்கலாம். 2020இல் உலகம் முழுவதும் சுமார் 7.6 கோடிப் பேருக்கு க்ளாக்கோமா இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில்கூட, நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

அழுத்தமும் நோயும் ஒன்றல்ல என்பதைத் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் வழக்கமான அளவு என்பார்கள். ஆனால் 25 இருந்தும் நரம்பு நன்றாக இருப்பவர்கள் உண்டு. 16 இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு. அழுத்தம் ஆபத்தின் அளவு. நோய் இருக்கிறதா என்பதை நரம்புதான் சொல்லும். அதனால்தான் ஒரே கருவியோடு விட்டுவிடாமல், அழுத்தம், நீர் வடியும் மூலை, நரம்பின் உருவம், நரம்பின் வேலை என்று நாலையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இன்னொரு குழப்பமும் அடிக்கடி காதில் விழுகிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் சரியாக இருப்பதால் கண் அழுத்தமும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

போவதற்கு முன்

பழைய கண் ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய சீட்டில் அழுத்தமும் நரம்பைப் பற்றி ஒரு வரியும் இருந்தால்கூட டாக்டருக்கு அது பெரிய உதவி. இப்போது போடும் கண்ணாடி, படிக்கும் கண்ணாடி இரண்டும் வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடியோடு போவது நல்லது. அழுத்தம் பார்க்கப் போடும் மஞ்சள் சாயம் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்.

சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதுங்கள். இதில் ஸ்டீராய்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாத்திரை மட்டுமல்ல, ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, முகத்தில் தடவும் க்ரீம், கண் அரிப்புக்கு என்று வாங்கிப் போட்ட சொட்டு எல்லாமே கணக்கு. ஸ்டீராய்டு கண் சொட்டு சிலருக்குச் சில வாரங்களிலேயே அழுத்தத்தை ஏற்றிவிடும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. டாக்டரைப் பார்க்காமல் பழைய சீட்டைக் காட்டி அந்தச் சொட்டைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு பாதிப்பு என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள். கண்ணில் எப்போதாவது பந்து, கம்பு ஏதும் பட்டிருந்தால் அதுவும் தேவை. கண்ணாடியை விட்டுவிட லேசர் செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காரணம் கீழே வருகிறது. ஏற்கெனவே அழுத்தத்துக்குச் சொட்டு போடுகிறவர்கள், டாக்டர் சொல்லாமல் அன்று நிறுத்த வேண்டாம். கண்ணை விரிக்க மருந்து போடுவார்கள் என்பதால் வண்டியை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். அரை நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் படி: அழுத்தம் அளப்பது

பல இடங்களில் முதலில் காற்றடிக்கும் கருவியின் முன் உட்கார வைப்பார்கள். சட்டென்று ஒரு காற்று கண்ணில் படும், வலிக்காது. பலரை வேகமாகப் பார்க்க இது வசதி. ஒவ்வொரு அடிக்கும் எண் கொஞ்சம் மாறும் என்பதால் சில தடவை அடித்துச் சராசரி எடுப்பார்கள். சிறு ஊசிமுனை போன்ற பகுதி நொடிப்பொழுது கண்ணைத் தொட்டு மீளும் கைக்கருவியும் உண்டு. அதற்கு மரத்துப்போகும் மருந்துகூடத் தேவையில்லை, குழந்தைகளுக்கு ஏற்றது.

ஆனால் க்ளாக்கோமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இன்றும் அளவுகோலாக இருப்பது கோல்ட்மேன் முறை. ஹான்ஸ் கோல்ட்மேன் என்ற சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் 1950களில் கொண்டுவந்தது. கண்ணை மரக்கவைக்கும் சொட்டும் மஞ்சள் சாயமும் போட்டு, நீல வெளிச்சத்தில் சிறிய முனை ஒன்றைக் கார்னியாவில் மெதுவாகத் தொடவைப்பார்கள். 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் தட்டையாக எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்பதுதான் அளவு. நீல வெளிச்சம் நெருங்கி வரும்போது பயந்து மூச்சைப் பிடிப்பதும் கண்ணை இறுக்குவதும் இயல்பு. இரண்டுமே எண்ணைக் கூட்டிக் காட்டும். கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தால் கழற்றிவிடுங்கள், தாடையை ஊன்றி நேராகப் பார்த்து, சாதாரணமாக மூச்சு விடுங்கள். முடிந்த பிறகு அரைமணி நேரம் கண்ணைக் கசக்காதீர்கள். மரத்திருக்கும் கண்ணில் கீறல் விழுந்தாலும் தெரியாது.

எண்ணைக் கேட்டதும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண் அழுத்தம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆரோக்கியமான கண்ணிலேயே நாளுக்குள் 2 முதல் 6 வரை ஏறி இறங்கும்; க்ளாக்கோமா உள்ள கண்ணில் இன்னும் அதிகமாக. அதனால் மாலையில் எடுத்த 17, காலை 7 மணிக்கு 24 ஆக இருந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரே நாளில் பல நேரம் அளந்து பார்க்கச் சொல்வார்கள். வீண் அலைச்சல் என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அடுத்து கார்னியாவின் தடிமன் அளப்பது; பேக்கிமெட்ரி என்பார்கள். சில நொடி வேலைதான். சராசரித் தடிமன் ஏறக்குறைய 540 மைக்ரான். தடித்த கார்னியாவில் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், மெல்லியதில் குறைவாகக் காட்டும். கண்ணாடியை விடுவதற்கான லேசர், கார்னியாவைச் செதுக்கி மெல்லியதாக்குகிறது. எனவே லேசர் செய்தவருக்கு 15 என்று வந்தால், அது உண்மையான 15 என்று நம்ப முடியாது. இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கழி, இத்தனை கூட்டு என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தனி ஒருவருக்கு அது சரியாக வராது.

இரண்டாம் படி: ஃபீல்டு டெஸ்ட்

நேராகப் பார்த்தபடியே சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை, அதாவது பார்வைப் புலத்தை, அளப்பது இது. எல்லாரும் அலுத்துக்கொள்ளும் பரிசோதனை. முடிவு நோயாளியின் கையிலேயே இருக்கும் பரிசோதனையும் இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கண்ணை மூடிவிட்டு, கிண்ணம் போன்ற வெள்ளைக் கருவிக்குள் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு விளக்கு. அதை விட்டுப் பார்வையை நகர்த்தாமல், சுற்றிலும் எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். பரவலாகச் செய்யப்படும் 24-2 என்ற வகையில் நடுவிலிருந்து 24 பாகை வரை 54 இடங்களைப் பார்க்கிறார்கள். ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

ஒரு கட்டத்தில் எதுவுமே தெரியாமல் நேரம் போகும். "எனக்குப் பார்வை போயிடுச்சு போல" என்று மனம் பதறும். கருவியின் வேலையே அதுதான். ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் பார்க்கக்கூடிய மிக மங்கலான ஒளி எது என்று கண்டுபிடிக்க, தெரியாமல் போகும் அளவுக்கு ஒளியைக் குறைத்துக்கொண்டே வரும். நல்ல கண் உள்ளவருக்கும் காட்டப்படும் புள்ளிகளில் ஏறக்குறையப் பாதி தெரியாது. எனவே தெரியாததற்கு வருந்தாதீர்கள், புள்ளியைத் தேடிக் கண்ணை ஓட்டாதீர்கள், வந்திருக்கும் என்று ஊகித்து அழுத்தாதீர்கள். மங்கலாகத் தெரிந்தாலும் தெரிந்தால் அழுத்துங்கள். கண் சிமிட்டலாம், சிமிட்டாமல் இருந்தால் கண் காய்ந்து பார்வை மங்கும். களைப்பாக இருந்தால் சொல்லுங்கள். பல கருவிகளில் பட்டனை அழுத்தியபடியே பிடித்தால் பரிசோதனை நிற்கும், விட்டதும் தொடரும். மேல் இமை தொங்கலாக இருந்தால் டேப் போட்டுத் தூக்கிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேல்பாதி கறுப்பாக வரும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் அதிர்ச்சி அடைவது காது இருக்கும் பக்கம் தெரியும் ஒரு கறுப்புத் திட்டைப் பார்த்து. அது எல்லாருக்கும் இருக்கிற இயற்கையான குருட்டுப்புள்ளி. நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. வலது கண்ணுக்குத் தாளின் வலப்பக்கமும் இடது கண்ணுக்கு இடப்பக்கமும் இருக்கும். அதன்பின் மேலே உள்ள நம்பகத்தன்மை வரிகளைப் பாருங்கள். பார்வை எத்தனை முறை நடு விளக்கை விட்டு நகர்ந்தது, ஒளி வராதபோது எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று அங்கே இருக்கும். இவை மோசமாக இருந்தால் படம் எப்படி இருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கீழே எம்.டி. என்ற எண் இருக்கும். ஒளியை உணரும் திறன் உங்கள் வயதுக்காரர்களின் சராசரியை விட எவ்வளவு குறைவு என்று டெசிபலில் சொல்வது அது. மைனஸ் 6 வரை ஆரம்பநிலை, மைனஸ் 6 முதல் 12 வரை நடுநிலை, அதற்கும் கீழே முற்றிய நிலை என்று பொதுவாகப் பிரிப்பார்கள். கண்புரை இருந்தாலும் இந்த எண் இறங்கும். ஆகவே நம்பர் இறங்கிவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம்.

முதல் தடவை பலருக்குச் சரியாக வராது. இரண்டாவது, மூன்றாவது தடவையில் நோய் மாறாமலே முடிவு நன்றாகிவிடும், ஏனென்றால் செய்யக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். ஒரே ஒரு ஃபீல்டு டெஸ்ட்டை வைத்து வாழ்நாள் முழுக்க மருந்து என்று யாராவது சொன்னால், மீண்டும் ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாம் படி: மூலையைப் பார்ப்பது

கோனியோஸ்கோப்பி என்று பெயர். விளக்கை அணைத்து, கண்ணை மரக்கவைத்து, உள்ளே சிறு கண்ணாடிகள் பதித்த லென்ஸ் ஒன்றைக் கண்மேல் வைத்து, நீர் வடியும் மூலை திறந்திருக்கிறதா குறுகியிருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஓரிரு நிமிடம், அழுத்துவதுபோல் இருக்கும், வலி இல்லை. நேராகப் பார்த்தால் இந்த மூலை தெரியவே தெரியாது, அதற்குத்தான் இந்த லென்ஸ்.

அவசரத்தில் அதிகம் விடுபட்டுப்போவது இந்தப் பரிசோதனைதான் என்பது என் எண்ணம். விடக் கூடாதது. மூலை திறந்திருக்கும் வகைக்கும் அடைபட்டிருக்கும் வகைக்கும் சிகிச்சையே வேறு. மூலை ஆபத்தான அளவு குறுகியிருந்தால் ஐரிஸில் லேசரால் சிறு துளை போட்டு நீருக்கு வழிவிடுவதுண்டு. குறுகிய மூலை உள்ள கண்ணை விரித்தால் சிலருக்கு அது முழுவதும் அடைத்துக்கொண்டு அழுத்தம் திடீரென்று எகிறிவிடலாம். ஆகவே விரிக்கும் சொட்டைப் போட வரும்போது, "மூலை பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்படி அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கண் சிவந்து கடுமையாக வலிக்கும், அந்தப் பக்கம் தலை வலிக்கும், வாந்தி வரும், பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ நினைத்துப் படுத்துவிடுபவர்கள் உண்டு. இது சில மணி நேரத்திலேயே பார்வையைப் பறிக்கக்கூடிய அவசரநிலை. இரவானாலும் கண் மருத்துவ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூலை குறுகல் என்று சொல்லப்பட்டவர்கள் சளி, ஜலதோஷ மாத்திரை வாங்கும்போதும், புதிதாக எந்த மருந்து தொடங்கும்போதும் அதைச் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் கண்மணியை விரித்து இதே நிலையை உண்டாக்கும்.

நான்காம் படி: நரம்பைப் பார்ப்பது

கண்ணை விரித்து, டாக்டர் லென்ஸ் வழியாகப் பார்வை நரம்பின் தலைப்பகுதியை நேரில் பார்க்கிறார். வட்டமான அந்தத் தலையின் நடுவே இயல்பாகவே ஒரு குழி இருக்கும். இழைகள் அழிய அழியக் குழி பெரிதாகும். சீட்டில் 0.3, 0.6 என்று எழுதியிருப்பது குழிக்கும் மொத்த வட்டத்துக்கும் உள்ள விகிதம். பிறவியிலேயே நரம்புத்தலை பெரிதாக இருப்பவர்களுக்குக் குழியும் பெரிதாக இருக்கும், அது நோயில்லை. இரண்டு கண்ணுக்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம், விளிம்பு ஓரிடத்தில் மெலிந்திருப்பது, விளிம்பில் மெல்லிய இரத்தக்கசிவு ஆகியவைதான் கவலைப்பட வைப்பவை. இந்தக் கட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது மிக நல்லது. பல வருடம் கழித்தும் ஒப்பிட உதவும்.

அடுத்தது ஓசிடி ஸ்கேன். ஊசி இல்லை, கதிரியக்கம் இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. ஒளியைக் கொண்டு நரம்பைச் சுற்றியுள்ள இழைப்படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. பார்வைப் புலத்தில் குறை தெரிவதற்கு முன்பே கணிசமான இழைகள் போயிருக்கலாம் என்பதால், ஆரம்பநிலையில் ஓசிடி கைகொடுக்கும். ஃபீல்டு டெஸ்ட் நன்றாக வந்துவிட்டதே, ஸ்கேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் வரும். சிவப்பைப் பார்த்ததும் பலருக்கு உயிரே போய்விடுகிறது. அந்த நிறங்களுக்கு, உங்கள் வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் தொகுப்போடு ஒப்பிட்டு உங்கள் படலம் எங்கே நிற்கிறது என்பதற்கு மேல் அர்த்தமில்லை. கிட்டப்பார்வை அதிகமுள்ள நீண்ட கண்ணில், நோயே இல்லாமல் சிவப்பு வரும். கண்ணை அசைத்தாலோ கண் காய்ந்திருந்தாலோ கண்புரை மறைத்தாலோ தடிமன் தவறாகக் குறையும். பச்சையாகவே இருந்தாலும், போன வருடத்தைவிட வேகமாக இறங்கியிருந்தால் அது கவனிக்க வேண்டிய பச்சை. ரிப்போர்ட்டின் ஓரத்தில் சிக்னல் அளவு இருக்கும். பத்துக்குக் கணக்கிடும் கருவியில் 6க்குக் கீழே இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். ஸ்கேனுக்கு முன் இரண்டு முறை நன்றாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டால் பல நேரம் அதுவே போதும்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். கறுப்புக் கண்ணாடி உதவும். கண்ணை விரிக்கும் இந்த மருந்துக்குப் பின் ஃபீல்டு டெஸ்ட் செய்தால் முடிவு மாறும் என்பதால்தான் அதை முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள்.

டாக்டர் முடிவைச் சொல்லும்போது

மூன்றில் ஒன்றைச் சொல்வார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பது முதலாவது. அப்போதும் அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகக் குடும்பத்தில் நோய் இருந்தால்.

இரண்டாவது, "சந்தேகம்". அழுத்தம் கூடுதலாக, நரம்பு நன்றாக. அல்லது நரம்பு சற்று மாறுபட்டு, மற்றதெல்லாம் சரியாக. இதைக் கேட்டு நொந்துபோகிறவர்கள் நிறைய. அமெரிக்காவில் 1,636 பேரை வைத்து நடத்தி, 2002இல் முதல் முடிவை வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு இங்கே உதவும். அழுத்தம் 24 முதல் 32 வரை இருந்தும் நரம்பில் பாதிப்பு இல்லாதவர்கள் அவர்கள். சொட்டு மருந்து போடாதவர்களில் 5 வருடத்தில் க்ளாக்கோமா வந்தது 9.5 சதவீதம் பேருக்கு, போட்டவர்களில் 4.4 சதவீதம். மருந்து ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது. கூடவே, மருந்தே போடாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த 5 வருடத்தில் நோய் வரவில்லை என்பதையும் பாருங்கள். கார்னியா மெல்லியதாக இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதே ஆய்வில்தான் தெளிவானது. எனவே "மருந்து இப்போது வேண்டாம், ஆறு மாதத்தில் வாருங்கள்" என்றால் அது அலட்சியம் இல்லை. அந்த ஆறாவது மாதம் போகாமல் இருப்பதுதான் அலட்சியம்.

மூன்றாவது, க்ளாக்கோமா உறுதி. எவ்வகை, எந்த நிலை, என் கண்ணுக்கு எந்த அழுத்தத்தை இலக்காக வைத்திருக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாருக்கும் 21 போதும் என்பது கிடையாது. நரம்பு எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு கீழே இலக்கு இருக்கும். ஆரம்பநிலை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், அழுத்தம் 1 குறைந்தால் நோய் முன்னேறும் ஆபத்து ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது.

கோப்பு

கிளம்பும் முன் எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் அளந்த முறையும் நேரமும், கார்னியா தடிமன், மூலை திறந்ததா குறுகியதா என்ற குறிப்பு, ஃபீல்டு டெஸ்ட் தாள், ஓசிடி தாள், நரம்பின் போட்டோ. தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள், செல்போனிலும் படமெடுத்து வையுங்கள். இன்றைய முடிவுகளைவிட, இன்றைக்கும் அடுத்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பல நேரங்களில் க்ளாக்கோமாவை உறுதிசெய்கிறது அல்லது இல்லையென்று சொல்கிறது. டாக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் முதல் நாள் தாள் கையில் இருந்தால் ஒப்பீடு அறுந்துபோகாது. ஓசிடி எண்களை ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து இன்னொன்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது. முடிந்தவரை அதே கருவியில் எடுங்கள், முடியாவிட்டால் புதிய கருவியில் எடுத்ததைப் புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருடம் ஃபீல்டு டெஸ்ட் அடிக்கடி செய்யச் சொல்வார்கள். யாருக்கு நோய் வேகமாகப் போகிறது, யாருக்கு மெதுவாக என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும். சொட்டு மருந்து தொடங்கியவர்கள் மறுபரிசோதனை அன்றும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு போங்கள், கடைசியாகப் போட்ட நேரத்தைச் சொல்லுங்கள். நடுவில் விட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். விட்டதை மறைத்தால், வேலை செய்துகொண்டிருக்கும் மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொன்றைச் சேர்ப்பார், அல்லது தேவையில்லாத அறுவை சிகிச்சை வரை பேச்சு போகும்.

உங்களுக்கு உறுதியானால் பெற்றோர், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளுக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். கண்ணில் எந்தக் குறையும் தெரியவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். உங்கள் ரிப்போர்ட்டின் ஒரு நகலை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். எந்த வகை, எந்த வயதில் கண்டுபிடித்தது என்று அதைப் பார்த்தே அவர்களுடைய டாக்டர் தொடங்குவார்.